நான் நடத்திய பிறகு பிடிக்காமல் போன பாடம்

கோவில்பட்டியில் புள்ளியியல் படித்தவன் என்று சொல்லிக்கொண்டால் இரண்டு கேள்விகள் வரும். மக்கள்தொகைக் கணக்கெடுக்கிற ஆளா என்பார்கள். இல்லையென்றால், அடுத்த தேர்தலில் யார் வருவார்கள் என்பார்கள். இரண்டுக்கும் என்னிடம் பதில் கிடையாது என்று தெரிந்ததும், இதற்கா இவ்வளவு படித்தாய் என்பதுபோலப் பார்த்துவிட்டு டீயைக் குடிப்பார்கள். எனக்கும் பல சமயம் அதே சந்தேகம் உண்டு.

ஊருக்குள் ஒரு கலைக் கல்லூரியில் வேலை. சனிக்கிழமை மட்டும் பைபாஸ் ஓரத்தில் இருக்கிற ஒரு நர்சிங் கல்லூரிக்குப் போய்ப் பாடம் எடுப்பேன். நர்சிங் படிப்பில் ஆராய்ச்சியும் புள்ளியியலும் உண்டு என்பது அங்கே சேருகிற பெண்களுக்குச் சேர்ந்த பிறகுதான் தெரியவரும். அதை நடத்த வேண்டியிருக்கும் என்பது அங்கிருந்த ஆசிரியைகளுக்கும் அப்படித்தான் தெரியவந்திருக்க வேண்டும். எல்லோரும் நாகரிகமாக ஒதுங்கிக்கொண்டதால், கல்லூரி முதல்வர் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

அந்தப் பெண்களின் தைரியத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பசுவந்தனை, கடம்பூர், புதூர்ப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளைகள். நரம்பே தெரியாத கையில் ஊசியை ஒரே குத்தில் ஏற்றுவார்கள். விபத்தில் வந்தவரின் காலைப் பார்த்து நானாக இருந்தால் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பேன். அவர்கள் பஞ்சும் கத்தரியுமாகக் குனிந்து வேலை பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர்கள், நான் கரும்பலகையில் கூட்டலுக்கான சிக்மாக் குறியைப் போட்டதும் முகம் வெளுத்துப்போவார்கள். ஒருத்தி முதல் வகுப்பிலேயே எழுந்து, நாங்கள் நர்சிங் எடுத்ததே கணக்கு வராது என்றுதான் சார் என்றாள். அதைப் புகாராகச் சொல்லவில்லை. நான் வழி தவறி வந்துவிட்டேனோ என்ற அக்கறையில் சொன்னாள்.

கணக்கு வராது என்பதும் பொய். ஒரு பாட்டில் குளுக்கோஸ் இத்தனை மணி நேரத்தில் ஏற வேண்டும் என்றால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழ வேண்டும் என்பதை நடந்துகொண்டே மனசுக்குள் போட்டுவிடுவார்கள். இது வகுத்தல்தானே, பெருக்கல்தானே என்று நான் கேட்டால், "அது கணக்கு இல்ல சார், அது டிரிப்பு" என்பார்கள்.

இறுதியாண்டில் ஒவ்வொரு குழுவும் ஓர் ஆராய்ச்சி செய்து, வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் முன்னால் பதில் சொல்லித் தேற வேண்டும். அந்த வருடம் என்னிடம் வந்த குழுவுக்குத் தலைவி ஒரு பசுவந்தனைப் பெண். ஒல்லியாக, யோசித்து யோசித்துப் பேசுகிறவள். அவளுக்குத் துணை கடம்பூர்க்காரி ஒருத்தி. யோசிக்காமல் பேசுகிற வேலையை இவள் எடுத்துக்கொண்டிருந்தாள். மற்றக் குழுக்கள் சர்க்கரை நோய், ரத்தசோகை என்று ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்கக் கிளம்பிக்கொண்டிருந்தன. இவர்கள் தேர்ந்தெடுத்த தலைப்பு: செவிலிய மாணவியர் புள்ளியியல் படிப்பதை எப்படிப் பார்க்கிறார்கள், வகுப்பு எடுத்தால் அந்த மனப்பான்மை மாறுகிறதா.

என் பாடத்தின் மேல் இவ்வளவு ஆசையா என்று நெகிழ்ந்துபோனேன். கடம்பூர்க்காரி உண்மையைச் சொன்னாள். "வெயில்ல அலைய வேண்டாம்லா சார். இரண்டாம் வருசப் பிள்ளைக எல்லாம் ஹாஸ்டல்லயே இருக்காளுவ."

தலைவிக்கு இதில் வேறொரு கணக்கு இருந்தது. அதை அவளே ஒருநாள் என்னிடம் சொன்னாள். கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். தேர்வு முடிவு வந்ததும் சேர வேண்டும். வீட்டிலோ அத்தை மகனுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். பையன் மேல் குறை ஒன்றும் இல்லையாம். அவளுடைய அப்பா ஓர் ஏற்பாட்டுக்கு இறங்கி வந்திருந்தார்: ஒரே மூச்சில் தேறி வேலைக்குப் போனால் இரண்டு வருடம் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டேன், ஏதாவது ஒன்றில் நின்றுபோனால், வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் தாலியைக் கட்டிவிடலாம். போன வருடம் ஒரு குழுவின் ஆராய்ச்சியைத் தேர்வாளர் திருப்பி அனுப்பி, அவர்கள் ஆறு மாதம் காத்திருந்தது கல்லூரி முழுக்கத் தெரிந்த கதை. எனவே என் பாடத்தைப் பற்றிய ஆராய்ச்சியில்தான் அந்தப் பெண்ணின் இரண்டு வருடம் தொங்கிக்கொண்டிருந்தது. நானறிந்து புள்ளியியலுக்கு இவ்வளவு முக்கியத்துவம் இந்த வட்டாரத்தில் அதற்கு முன் கிடைத்ததில்லை.

முறை எளிமையானது. முதலில் இரண்டாம் வருடப் பெண்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்ல வேண்டும். பிறகு சில சனிக்கிழமைகள் வகுப்பு. அதன் பிறகு அதே கேள்வித்தாள். மதிப்பெண் ஏறியிருந்தால் வகுப்பு பலன் தந்தது என்று அர்த்தம். வகுப்பை நான் எடுப்பது என்று முடிவாயிற்று. வல்லுநர் என்று என்னைக் குறிப்பிட்டு ஒரு கடிதமும் தந்தார்கள். அதை வீட்டில் மேஜை மேல் எல்லோரும் பார்க்கும்படி வைத்தேன்.

ஹாஸ்டலில் செல்போனைச் சாயங்காலம் வரை பூட்டி வைத்துவிடுவார்கள். அதனால் தாளிலேயே கேட்டார்கள். சாப்பாட்டு ஹாலில், காலை இட்லிக்கு முன்னால், சீனியர் அக்காமார் நின்று தாளைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஹாஸ்டலில் ஒரு வழக்கம் உண்டு. சீனியர் உள்ளே வந்தால் ஜூனியர் எழுந்து நிற்க வேண்டும்; "உக்காருங்க" என்று அக்கா சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும். அன்றைக்கும் எழுந்து நின்று, உட்காரச் சொன்னதும் உட்கார்ந்து, மேல்வரியில் அவரவர் ரோல் நம்பரை எழுதி, டிக் போட்டு, எழுந்து நின்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தக் கட்டு என் கைக்கு வந்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் மிகை. ஆனால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். "புள்ளியியல் படிப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது": முழுமையாக ஒத்துக்கொள்கிறேன். "புள்ளியியல் இல்லாமல் செவிலியர் பணி முழுமை பெறாது": முழுமையாக ஒத்துக்கொள்கிறேன். தாளுக்குத் தாள் இதே. ஒருத்தி மட்டும் அவசரத்தில், புள்ளியியல் என்றால் உயிர் என்பதையும் புள்ளியியல் என்றால் நடுக்கம் என்பதையும் ஒருசேர ஒத்துக்கொண்டிருந்தாள். சாமியிடம் இருக்க வேண்டிய உறவு அது என்று எனக்குப் பட்டது.

இன்னும் பாடமே படிக்காத பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தின் மேல் இவ்வளவு பிரியம் எப்படி வந்தது என்று எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எண்ணற்ற கிழக்கத்திய, மேற்கத்திய நாவல்களை மொழிபெயர்ப்பில் படித்து, மனித மனம் எனக்கு அத்துப்படி என்று நம்பிக்கொண்டிருந்த காலம். சந்தேகம் வரவில்லை.

வகுப்புகளை எடுத்தேன். பாடப்புத்தகத்தில் குடுவைக்குள் சிவப்புப் பந்தும் கறுப்புப் பந்தும் இருக்கும். அதையெல்லாம் தள்ளிவிட்டு, இந்த மண்ணுக்கு ஏற்றதாகச் சொல்ல வேண்டும் என்று மழையை எடுத்துக்கொண்டேன். சராசரி மழை என்றால் என்ன என்று விளக்கினேன். புதூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். போன வருடம் சராசரி மழை பெய்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள், எங்கள் காட்டில் உளுந்து கருகிவிட்டதே சார் என்றாள். எனக்குக் குஷி. சராசரி சரியாக இருக்கும், ஆனால் எல்லாம் இரண்டு நாளில் கொட்டியிருக்கும், அதற்காகத்தான் சிதறலையும் அளக்க வேண்டும் என்றேன்.

"அப்ப சராசரி பொய்யா சார்?"

பொய் இல்லை, ஆனால் அது மட்டும் போதாது என்றேன்.

"போதாதத எதுக்கு சார் நடத்துதீங்க?"

நான் கரும்பலகையை அழித்துவிட்டு, சிதறலை அளக்கிற திட்டவிலக்கத்துக்குப் போனேன். அதற்கடுத்த சனிக்கிழமை வர்க்கமூலம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே கரிசல் காட்டில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வகுப்பில் பாதிப் பேர் அவற்றைப் பொறாமையோடு பார்த்ததை நான் கவனம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது முறை கேள்வித்தாள் கொடுக்க வேண்டிய நாளில் சீனியர்கள் எல்லோருக்கும் ஆஸ்பத்திரியில் டியூட்டி விழுந்துவிட்டது. குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் உண்டியல்போல வாய் கிழித்து, தாள்களையும் பெட்டியையும் சாப்பாட்டு ஹாலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் மேல்வரியை வெட்டிப் பிரதி எடுத்திருந்ததால், ரோல் நம்பர் எழுத இடமும் இல்லை. ஜூனியர்கள் உட்கார்ந்தபடியே, இட்லி சாப்பிட்டபடியே நிரப்பியிருக்கிறார்கள். சில தாள்களில் சட்னி இருந்தது.

எண்களை மடிக்கணினியில் ஏற்றியது நான்தான். முதலில் ஏதோ தப்பாக ஏற்றிவிட்டேன் என்று நினைத்து மறுபடி ஏற்றினேன். பிறகு முன்தாளையும் பின்தாளையும் மாற்றிவிட்டேனோ என்று பார்த்தேன். சட்னி பொய் சொல்லவில்லை. மதிப்பெண் இறங்கியிருந்தது. லேசாக அல்ல, பார்த்தவுடனே தெரிகிற மாதிரி. மகிழ்ச்சி தருகிறது என்ற இடத்தில் டிக் எல்லாம் மறுமுனைக்குக் குடிபோயிருந்தது.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நீங்க நடத்தினீங்கள்ல" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை தலைவியையும் கடம்பூர்க்காரியையும் ஆய்வகத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். தலைவி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோயம்புத்தூர் பஸ் கிளம்பிப் போவதைப் பார்க்கிறவளைப்போல இருந்தது. முதல்வர் அம்மாவுக்கும் விஷயம் போய்விட்டிருந்தது. அவர் நல்லவர், யாரையும் தப்புச் செய்யச் சொல்ல மாட்டார். ஏதாவது பார்த்துச் செய்யுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, என்ன பார்ப்பது, என்ன செய்வது என்பதை எங்களுக்கே விட்டுவிட்டார்.

அன்றைக்கு மத்தியானமே ஜூனியர்கள் சார்பில் ஒருத்தி ஆய்வக வாசலில் வந்து நின்றாள். விஷயம் ஹாஸ்டலில் பரவியிருந்தது. வருத்தமாக இருக்கிறது அக்கா, நாங்கள் உங்களுக்கு இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேற தாள் இருந்தாக் குடுங்கக்கா. எவ்வளவு வேணும்னு சொன்னீங்கன்னா போட்டுத் தாறோம்" என்றாள். பாசத்தில் குறை சொல்ல முடியாது.

கடம்பூர்க்காரிக்கு இதில் தயக்கமே இல்லை. அடிக்குது பாரு அதிர்ஷ்டம் என்பதுபோல எழுந்துவிட்டாள். நான் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைக் கவனமாகப் பார்த்தேன். ஆசிரியன் என்ற முறையில் நான் உடனே தடுத்திருக்க வேண்டும். ஆனால் மதிப்பெண் ஏறினால் ஏறுவது என் மானமும்தான் என்பதால், இரண்டு பக்கமும் யோசிக்கிறவன்போல நின்றேன். தலைவி அந்த ஜூனியரை, போய்ச் சாப்பிடு, அப்புறம் சொல்லுதேன் என்று அனுப்பிவிட்டாள்.

"ஏட்டி, என்ன யோசிக்கே?" என்றாள் கடம்பூர்க்காரி.

"காய்ச்சல் நூத்திரண்டு இருக்கு. டாக்டர் ரவுண்ட்ஸ் வாராகன்னு சார்ட்டுல தொண்ணூத்தெட்டுன்னா எழுதுதோம்?"

"காய்ச்சல அப்படி எழுத மாட்டோம். மூச்ச மட்டும் எண்ணாமயே எல்லாருக்கும் ஒரே நம்பரப் போடுதோம்ல. வார்டு பூரா ஒண்ணுபோலத்தான மூச்சு விடுது."

தலைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு மனம் கொஞ்சம் லேசாகியிருக்க வேண்டும். அத்தை மகனைக் கட்டுவதும் ஒன்றும் கொடுமை இல்லை, பொய்யாகக் கோயம்புத்தூர் போவதைவிட அது தேவலை என்கிற மாதிரி ஏதோ சொன்னாள். பிறகு இரண்டு கட்டுத் தாளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏன் இறங்கியது என்று என்னிடம் கேட்க ஆரம்பித்தாள். மூன்று வருடத்தில் அந்தக் கல்லூரியில் யாரும் என்னிடம் ஏன் என்று கேட்டது அதுவே முதல் தடவை. அதுவரை எல்லோரும் கேட்டது, இது பரீட்சைக்கு வருமா என்பதுதான்.

தேர்வாளர் திருநெல்வேலியிலிருந்து வந்தார். நரைத்த தலை, இறுகக் கட்டிய கொண்டை. இவர்களுக்கு முந்திய குழு வெளியே வந்தபோது ஒருத்தியின் கண் சிவந்திருந்தது. கடம்பூர்க்காரி, அவர் மனசை இளக்குவதற்காக ஊரிலிருந்து போளி வாங்கி வந்து மேஜையில் வைத்திருந்தாள். தேர்வாளர் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று தெரிந்ததும் தட்டு என் பக்கம் நகர்ந்தது. திரையில் படம் ஓட்டுவதற்காக நான் மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். பதற்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சாப்பிட்டேன்.

அந்த அம்மா வரைபடத்தைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"வகுப்புக்கு அப்புறம் இறங்கியிருக்கே."

"ஆமா மேடம். எறங்கிட்டு" என்றாள் தலைவி.

"ஏன்?"

"ரெண்டு காரணம் இருக்கலாம் மேடம். மொதத் தடவ நாங்க பக்கத்துல நின்னோம், தாள்ல அவிய நம்பரும் இருந்துச்சு. எங்களுக்கு மரியாதை குடுத்து நல்லா இருக்குன்னு போட்டிருக்கலாம். ரெண்டாந்தடவ நாங்க இல்ல, நம்பரும் இல்ல. மனசுல உள்ளதப் போட்டிருக்கலாம்."

"இன்னொரு காரணம்?"

அவள் ஒரு நொடி என் பக்கம் பார்த்தாள். நல்ல பெண், வருத்தத்தோடுதான் பார்த்தாள்.

"சார் நடத்துனதா இருக்கலாம் மேடம்."

தேர்வாளர் திரும்பி என்னைப் பார்த்தார். என் வாயில் போளி இருந்தது. முதல்வர் அம்மா மின்விசிறியைப் பார்த்தார்.

"இந்த ரெண்டுல எது?"

முதல் காரணம் என்று அவள் சொல்லிவிட்டால் போதும். ஆராய்ச்சிக்கும் கௌரவம், எனக்கும் கௌரவம், கேட்கிறவர்களுக்கும் திருப்தி. மறுக்க அங்கே யாரும் இல்லை. நான் கண்ணாலேயே அதை வேண்டிக்கொண்டேன் என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

"இந்தத் தாள வச்சுச் சொல்ல முடியாது மேடம். தெரியாது."

தெரியாததை எழுதி எதற்கு இந்த ஆராய்ச்சி, இதனால் என்ன பிரயோஜனம் என்று அந்த அம்மா கேட்டார். குரலில் கோபமா சோதனையா என்று பிரித்தறிய முடியவில்லை. தலைவியின் கை பின்னால் போய்ச் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது.

"வார்டுல டாக்டர் வந்து கேக்கும்போது வலி இல்லன்னுதான் மேடம் சொல்லுதாக. அவிய அங்கிட்டுப் போனதும் எங்களக் கூப்புட்டு வலிக்குதுங்காக. யார் கேக்காக, எங்கன நின்னு கேக்காகங்கதப் பொறுத்துப் பதில் மாறுது. அது இப்பத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. அடுத்தவாட்டி கேக்கும்போது நாங்க பக்கத்துல நிக்க மாட்டோம்."

தேர்வாளர் பேனாவை மூடி வைத்தார். பிறகு முதல்வர் அம்மாவைப் பார்த்துப் பேசினார். எத்தனையோ ஊருக்குப் போயிருக்கிறாராம். எல்லா ஊரிலும் எல்லா வகுப்புக்குப் பிறகும் எல்லாப் பிள்ளைகளும் முன்னேறிக்கொண்டே இருக்கிறார்களாம். இவ்வளவு முன்னேறிய நாடு ஏன் இன்னும் இப்படி இருக்கிறது என்று அவருக்கு அவ்வப்போது தோன்றுமாம். ஓர் ஊரிலாவது இறங்கியிருப்பதைப் பார்க்க ஆறுதலாக இருக்கிறது என்றார். இதைச் சொல்லும்போதும் அவர் சிரிக்கவில்லை. தலைவியிடம், "போம்மா. கோயம்புத்தூர்னு சொன்னாங்க. போய் ஒழுங்கா மூச்சை எண்ணி எழுது" என்றார். மூச்சு விஷயத்தைக் கடம்பூர்க்காரி எப்போது அவரிடம் உளறினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வெளியே வந்ததும், வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று தலைவி என் போனைக் கேட்டாள். என் போனில் காதில் வைத்துக் கேட்கிற வசதி போய் வெகுநாளாயிற்று. ஸ்பீக்கரில்தான் பேச முடியும். அதனால் பசுவந்தனையில் நடந்ததை நாங்களும் கேட்டோம்.

பாஸ்தான் அப்பா, ரிசல்ட் வந்ததும் கிளம்பணும் என்றாள். அவளுடைய அப்பா, உன் அத்தை இங்கனதான் உட்கார்ந்திருக்கா, நீயே சொல்லிரு என்று போனைக் கைமாற்றிவிட்டார். தேர்வாளர் முன்னால் நடுங்காத குரல் இங்கே நடுங்கியது.

"அத்தை, ரெண்டு வருசம் கழிச்சுப் பேசிக்கிடுவோம் அத்தை."

"ரெண்டுதான?" என்றது அந்தக் குரல். "மூணா ஆயிரக் கூடாது. எம் மவன் அதுக்குள்ள தல நரச்சுப் போவான்."

"ரெண்டுதான் அத்தை."

கடம்பூர்க்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். போன் மறுபடி அப்பாவிடம் போயிருந்தது. வாக்குக் கொடுத்தாகிவிட்டது, இனி அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள் என்றார். பிறகு சார் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டார். அவள் போனை என்னிடம் நீட்டினாள்.

"சார், நீங்க நல்லா நடத்துனதாலதான் பிள்ள தேறியிருக்கா. அத மறக்க மாட்டோம்."

ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. எதிரே இரண்டு பேரும் நின்று, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அத அப்படிச் சொல்லிர முடியாதுங்க" என்றேன்.

அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். பெரிய மனசு சார் உங்களுக்கு என்றார்.